பதிவுப் பேர்

களத்தில் நிற்கும்போது சில சொற்களைச் சொல்லக் கூடாது. வடமராட்சியிலிருந்து வந்த சிற்றம்பலத்துக்கு முதலில் இது தெரியாது. வந்த புதிதில் ஒருநாள் நெற்கதிரை மாடு விட்டுச் சூடு மிதிக்கிற நேரம் "சாக்கு இல்லை" என்று கத்திப்போட்டு, மாடு கொண்டுவந்த வன்னியாட்களிடம் நல்லாய் வாங்கிக் கட்டினார். இல்லை என்றால் இல்லாமல் போகும். முடிந்தது என்றால் முடிந்துபோகும். நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும். சாக்குப் போதாவிட்டால் பொலி பெருகிவிட்டது என்று சொல்ல வேண்டும். இருபது வருடத்தில் அந்த மனிதர் வன்னியாட்களைவிடக் கடுமையாக இதைப் பிடித்துக்கொண்டார். வந்தான் வரத்தானுக்குத்தான் ஊர்ச் சட்டத்தில் பிடிப்புக் கூட.

ஆகையால் 1962ஆம் ஆண்டு பங்குனி மாதம், ஐயாத்துரை வாத்தியார் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்கு வந்தபோது, சிற்றம்பலம் முதலில் அவருடைய வாயைத்தான் பார்த்தார். வாத்தியார் குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். படித்தவர்கள் களத்தில் எதையும் சொல்லிவிடுவார்கள்.

"சிற்றம்பலம், பிள்ளை பாஸ். ஆறு பாடமும். கணக்கிலையும் பாஸ்."

"பொலி" என்றார் சிற்றம்பலம். களத்தில் நல்ல செய்திக்கு அவரிடம் இருந்த சொல் அதுதான்.

மாடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. பொலியைத் தூற்றுவதற்குக் காற்றுப் பார்த்து நின்ற அவருடைய பெண்சாதி அன்னபாக்கியம் சுளகைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மகள் இரஞ்சிதம் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கைகால் எல்லாம் சுணை அரிப்பு. எஸ்.எஸ்.சி. சோதினையில் முதல் வருடம் கணக்கில் கோட்டை விட்டு, இரண்டாம் முறை எழுதியிருந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எடுபடுவதென்றால் ஆறு பாடம் வேண்டும், தமிழும் கணக்கும் அதற்குள் இருக்க வேண்டும், இரண்டு முறைக்குமேல் எழுதியிருக்கக் கூடாது. இதெல்லாம் அவளுக்குப் பாடம். இரவில் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவாள்.

"அப்ப இனி விண்ணப்பம் போடலாந்தானே மாஸ்ரர்?" என்று கேட்டாள்.

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து அரசாங்கம் அச்சடிக்கிற கெசற் ஒன்றை எடுத்தார். கெசற் என்பது எங்கள் பக்கம் யாரும் வாசிக்கிற சாமான் அல்ல. நாலு மைலில் இருக்கிற தண்ணீரூற்றுக் கடைகளில் அதில் சீனி சுற்றித் தருவார்கள். வாத்தியார் ஒருவர்தான் அதை வாசிப்பார்.

"போடலாம் பிள்ளை. சித்திரை முடிவுவரைக்கும் நாள் கிடக்கு. வயசு ஒண்டுதான்—"

"வாத்தியார், களத்திலை உந்தக் கதை வேண்டாம்" என்றார் சிற்றம்பலம்.

"இல்லை, நான் என்ன சொல்லவாறன் எண்டால்—"

இல்லை என்ற சொல் விழுந்ததும் மாட்டுக்குப் பின்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் கெசற்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சூடு மிதித்து, தூற்றி, பொலி அளந்து, பிள்ளையாருக்குப் பொங்கி முடிய இன்னும் நான்கு நாள் சென்றது. அந்த நான்கு நாளும் இரஞ்சிதம் மனதுக்குள் பயிற்சிக் கல்லூரியில் இருந்தாள். இரண்டு வெள்ளைச் சீலை வாங்க வேண்டும், ஒரு றங்குப்பெட்டி வேண்டும், கல்லூரி இருக்கிற கோப்பாய்க்குப் போவதென்றால் கொடிகாமத்தில் பஸ் மாற வேண்டுமோ தெரியாது.  வைக்கோலைக் கட்டித் தூக்கும்போது சிரித்துக்கொண்டு தூக்கினாள். தாய் அதைக் கண்டாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். மண்சுவர் வீடு, கிடுகுக் கூரை. வாசற் கதவின் பின்பக்கத்தில் மலேரியாக்காரரின் கார்ட் ஒன்று ஆணியில் தொங்கியது. அவர்கள் வருடத்தில் இரண்டு மூன்று தரம் வந்து சுவருக்கு மருந்தடித்து, காய்ச்சல்காரர் இருந்தால் விரலில் குத்தி இரத்தம் எடுத்து, கார்ட்டில் திகதி எழுதுவார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அன்னபாக்கியம் மூண்டு என்பாள். பிள்ளைகள் எத்தனை என்றால் ஒண்டு என்பாள்.

வாத்தியார் கதிரையில் இருந்து கெசற்றை முழங்காலில் விரித்தார். அன்னபாக்கியம் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"பதினெட்டு முடிஞ்சிருக்க வேணும். இருபத்திரண்டு முடிஞ்சிருக்கக் கூடாது. மாசி கழிஞ்சு மார்ச் முதலாம் திகதிக்குக் கணக்கு. எங்கடை பதிவிலை விமலேஸ்வரி பிறந்தது நாப்பதாம் ஆண்டு ஜனவரி இருபது. நான் விரல்விட்டு எண்ணிப் பாத்தன். நாப்பது நாள் கூடிப்போச்சு."

விமலேஸ்வரி என்பது இரஞ்சிதத்தின் பதிவுப் பேர். வீட்டுக்கு ஒரு பேர், பதிவுக்கு ஒரு பேர் என்பது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்ததுதான். வீட்டு வயது ஒன்று, பள்ளிக்கூட வயது ஒன்று என்பதும் இருந்தது. அவளுக்குத் தன் வீட்டு வயது பதினெட்டரை என்று தெரியும். ஐயா பதியும்போது எதையோ மாறிச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள்.

"நாப்பது நாள்தானே மாஸ்ரர்" என்றாள்.

"நாலு நாளெண்டாலும் கொழும்பிலை எடுக்கமாட்டாங்கள் பிள்ளை. கைக்கெட்டினது வாய்க்கெட்டாமல் போகுது. ஆனா வழியிருக்கு. திகதி பிழையாப் பதிஞ்சுபோட்டுது எண்டு ஒரு சத்தியக்கடதாசி முடிச்சால் மாத்தலாம். சிற்றம்பலம், நீர் எந்த வரிசம் எண்டு வடிவா யோசிச்சுச் சொல்லும்."

சிற்றம்பலம் நிலத்தில் குந்தியிருந்தார். களத்துத் தூசி இன்னும் அவருடைய காதுமடலில் இருந்தது. வெற்றிலைச் சாற்றைத் துப்பப் போனவர் துப்பிவிட்டு அங்கேயே நின்றார்.

"திகதி சரி, வாத்தியார்" என்றார்.

"என்ன?"

"திகதி சரி. ஆள்தான் வேறை."

 அன்னபாக்கியம் குசினிக்குள் போய்விட்டாள். பிறகு சிற்றம்பலம் சொன்னார். கதை நீளமில்லை. ஊரிலிருந்து வந்தபோது அவர்களிடம் ஒரு பெண்பிள்ளை இருந்தது. விமலேஸ்வரி. கரவெட்டியில் பிறந்து, முறையாகப் பதிந்த பிள்ளை. காடு வெட்டிய காணியில், குடிசையில், இரண்டாவது பிள்ளை பிறந்தது. பதிய வேண்டுமென்றால் முள்ளியவளைக்குப் போகவேண்டும். அப்போது அவர் காய்ச்சலில் கிடந்தார். எழும்பியபோது அன்னம் கிடந்தாள். பிறகு மூத்தது கிடந்தது. அந்த மார்கழியில் அது எழும்பவில்லை. நாலு வயது முடிய ஒரு மாதம் இருந்தது.

"பள்ளிக்கூடம் துவங்கி நீங்கள் பத்திரம் கொண்டுவா எண்டு கேட்டியள். என்ரை கையிலை இருந்தது ஒரு பத்திரந்தான்."

"எடுத்துத் தந்துபோட்டீரே."

"ஓம். அதுவும் பெண், இதுவும் பெண் எண்டு தந்துபோட்டன்."

வாத்தியார் தன் நெற்றியைத் தடவினார். அன்றைக்குக் கொண்டுவந்த பிள்ளை பத்து வயதுக்கு மிகவும் சிறிதாய் இருந்தது அவருக்கு நினைவு வந்தது. ஆனால் அந்த நாளில் இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். காய்ச்சற்கட்டி வயிறும் குச்சிக் காலுமாக, பத்து வயதுப் பிள்ளை ஆறு வயது மாதிரி நிற்கும். காட்டுக் காய்ச்சல் பிடித்த பிள்ளைகள் வளராது என்று எண்ணி அவரும் பத்தென்றே எழுதிக்கொண்டார். அதில் பிழை பிடிக்க அவருக்கே முடியவில்லை.

"நீர் இதைப் பதிவுக் கந்தோரிலை போய்ச் சொன்னால்," என்றார், "என்னையுங் கேப்பாங்கள். எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரண்டு வரிசம் கிடக்கு சிற்றம்பலம். குறை விளங்காதையும்."

"எனக்கு விளங்குது."

வாத்தியார் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார். பனங்கட்டியை மட்டும் மறதியில் கையோடு கொண்டுபோய்விட்டார்.

இரஞ்சிதத்துக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்று ஒரு பயம் வந்தது, அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. மாட்டைக் கட்டினாள். தண்ணி அள்ளினாள். இரவு குரக்கன் பிட்டும் மான்வத்தலும். மூன்று பேரும் இருந்து சாப்பிட்டார்கள். வத்தல் உப்புக் கூட என்று சிற்றம்பலம் சொன்னார். ஓம், கூடத்தான் என்று அன்னபாக்கியம் சொன்னாள்.

காணியின் தெற்கு மூலையில் ஒரு பாலைமரம் நின்றது. அதைச் சுற்றி அரைப் பரப்பு நிலம் உழாமல் கிடந்தது. யாழ்ப்பாணத்தான் வரம்பைக்கூடச் செதுக்கி நாலு கன்று நடுகிறவன், இந்த மூலையை ஏன் விட்டுவைத்திருக்கிறான் என்று வாய்க்கால் வழியே போகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். "பேய்க்கு விட்டதோ சிற்றம்பலண்ணை?" என்பார்கள். அவர் ஓம் என்பார். இரஞ்சிதம் இரண்டு வருடமும் சோதினைக்குப் படித்தது அந்த நிழலில்தான். கணக்குக் கொப்பியை மடியில் வைத்து, வேரில் சாய்ந்திருந்து படிப்பாள். தாய் அங்கே தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். தந்துவிட்டு உடனே போகமாட்டாள்.

அடுத்த நாள் காலை இரஞ்சிதம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். பிறகு திரும்பிவந்து குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, அதிலையோ புதைச்சது?"

அன்னபாக்கியம் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்."

"நான் அதிலை இருந்து படிக்கேக்கை ஒருநாளும் சொல்லேல்லையே."

"என்னத்தைச் சொல்ல. நிழல்தானே."

தாய் அரிசியை இரண்டாம் முறை அரித்தாள். கல் இருக்கவில்லை. மூன்றாம் முறையும் அரித்தாள்.

பிந்திய சித்திரையில் ஆதம்பாவா நெல்லுக்கு வந்தார். தண்ணீரூற்றில் அவருக்குக் கடை. அன்னபாக்கியம் அவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்பாள். முந்தி மாட்டுவண்டில், இப்போது பழைய லொறி ஒன்று. சாக்குகளை ஏற்றி முடிந்தபின் வேப்பமரத்தடியில் இருந்து வெற்றிலை போட்டார்.

"என்ன தங்கச்சி, மகள் பாஸாமே. எங்கடை சின்னவள் றம்ஸியாவும் பாத்துக்கொண்டிருக்கிறாள், இரஞ்சிதமக்கா ரீச்சரா வந்து தன்னை அடிக்கப்போறா எண்டு. ஒரு கல்கண்டு கூடத் தரேல்லையே நீங்கள். யாழ்ப்பாணத்தாற்றை கை இறுக்கம் வன்னித் தண்ணி குடிச்சும் விடேல்லை."

அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. சிற்றம்பலம் விஷயத்தைச் சொன்னார். ஆதம்பாவா வெற்றிலையை வாயின் ஒருபக்கத்துக்கு ஒதுக்கினார்.

"அந்தப் பிள்ளையை வண்டிலிலை கொண்டுபோனது நான்தானே" என்றார். "முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்கு. வழியிலை மழை. நீங்கள் கைப்பிள்ளையோடை இருந்தியள் தங்கச்சி, சிற்றம்பலம் குடை பிடிச்சார். ஆத்திலை தண்ணி ஏறி நிண்டுபோனம். அங்கேயே…"

"ஓம் காக்கா" என்றாள் அன்னபாக்கியம்.

இரஞ்சிதம் லொறியின் பின்பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கைப்பிள்ளை தான் என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் விளங்கியது.

"கந்தோரிலை சாட்சி கேட்டால் நான் வாறன்" என்றார் ஆதம்பாவா. "எனக்கு என்ன, நடந்ததைச் சொல்லுறதுதானே."

"என்னத்துக்குச் சாட்சி? சும்மா இருக்கிறதைச் சும்மா விடுவம்" என்றார் சிற்றம்பலம். "பொய்ப் பத்திரம் குடுத்ததெண்டு என்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டால் மழைக்கு ஆர் உழுறது? பாஸ் கையிலை இருக்கு. கூட்டுறவுச் சங்கக்கடையிலை வேலை கேக்கலாம். இல்லாட்டில் ஒரு இடத்திலை கட்டிக்குடுக்கலாம். எஸ்.எஸ்.சி. பாஸ் எண்டால் மாப்பிள்ளை வீட்டாரும் மறுக்கமாட்டாங்கள்."

"எனக்குச் சங்கக்கடை வேண்டாம் ஐயா."

"பின்னை என்ன வேணும்?"

"ரீச்சர் வேலை."

அவ்வளவுதான். அவள் கெஞ்சவில்லை. கோபப்படவுமில்லை. சிற்றம்பலம் அதைக் கேட்டுவிட்டுச் சாக்கூசியைக் கூரையில் குத்தினார். சித்திரை முப்பதாம் நாள் விண்ணப்பத் திகதி முடிந்தது.  பாஸ் பத்திரம் அலுமாரித் தட்டில் பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்தது.

கச்சான் காற்றுத் தொடங்கியது. குளம் வற்றி வற்றி நடுவில் ஒரு வட்டமாய் வந்தது. பாலைப்பழக் காலம். காட்டுக்குப் போனவர்கள் கடகம் கடகமாய்க் கொண்டுவந்து வீதியில் வைத்து விற்றார்கள். பிள்ளைகளின் உதடெல்லாம் பால் ஒட்டிக் கிடந்தது. தெற்கு மூலை மரமும் காய்த்துக் கொட்டியது. அதில் யாரும் பொறுக்குவதில்லை. இரஞ்சிதம் சிறு பிள்ளையாய் இருக்கும்போது ஒருநாள் பொறுக்கிவர, தாய் அதை வாங்கி வாய்க்காலில் எறிந்தாள். புழு என்று சொன்னாள். அந்த நாளும் இப்போதுதான் விளங்கியது. ஒவ்வொன்றாய் விளங்கிக்கொண்டு வந்தது. விளங்கி என்ன.

ஆடியில் ஒருநாள் விடிய அன்னபாக்கியம் முழுகி, நல்ல சீலை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ. முல்லைத்தீவுக்குப் போட்டு வருவம். காக்காவுக்கும் சொல்லி அனுப்பினனான்."

சிற்றம்பலம் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னம், விசர்க்கதை கதையாதை. உள்ளுக்குப் போட்டால்?"

"உங்களைப் போட்டால் நான் உழுறன்."

இருபது வருடத்தில் அவள் அவருக்கு இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்தார்.

பிறப்பு இறப்புப் பதிகிற காரியாதிகாரி கந்தோர் கடலுக்குக் கிட்ட. மணல் பறந்து யன்னல் பலகையில் தட்டியது. வாங்குப் பலகையில் ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். இருந்தவர்களெல்லாம் காணிப் பத்திரத்துக்கு வந்தவர்கள். கதிர்காமநாதன் என்ற கிளாக்கர் அவர்களைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. கதை முழுவதையும் ஆதம்பாவாதான் சொன்னார். கதிர்காமநாதன் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அம்மா, நான் விளக்கமாச் சொல்லுறன். பள்ளிக்கூடத்திலை விமலேஸ்வரி. சோதினையிலை விமலேஸ்வரி. பாஸ் பண்ணினது விமலேஸ்வரி. இப்ப இந்தப் பிள்ளையை இரஞ்சிதம் எண்டு புதுசாப் பதியலாம். ஊர் விதானையார் கடிதம், ரண்டு சத்தியக்கடதாசி, டொக்டர் வயசு பாத்து எழுதுவார். கரைச்சல் இல்லை. ஆனா அந்தப் பாஸ் இரஞ்சிதத்தின்ரை இல்லை."

"எழுதினது நான்தானே சேர்" என்றாள் இரஞ்சிதம்.

"எழுதினது நீர். பேர் வேறை. மாத்தித் தரச்சொல்லிக் கொழும்புக்கு எழுதலாம். எழுதினால் விசாரணை வரும். ஐயாவைக் கேப்பாங்கள், தலைமையாசிரியரைக் கேப்பாங்கள், ஆள்மாறாட்டம் எண்டு சோதினையை வெட்டினாலும் வெட்டுவாங்கள். நான் உமக்கு நல்லதுக்குச் சொல்லுறன்."

"பதியாமல் விட்டால்?"

"பாஸ் இருக்கும். வயசு போட்டுது."

"பதிஞ்சால்?"

"வயசு இருக்கும். பாஸ் இல்லை. மார்கழியிலை தனியா எழுதலாம். ஆறு பாடமும் திருப்பி. ஒருநாளும் பள்ளிக்கூடம் போகாத ஆள் எண்டு வைச்சுக்கொள்ளுமன்."

இரஞ்சிதம் யன்னலைப் பார்த்தாள். பதினொரு வருடம். முதல் எட்டு வருடம் திட்டப் பள்ளிக்கூடம், பிறகு தண்ணீரூற்றுக்கு விடிய நாலு மைல், பின்னேரம் நாலு மைல். மாரியில் சீலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்து வாய்க்கால் கடந்தது. யானை நிற்குதென்று சனம் மறித்த நாட்கள். இதெல்லாம் தனக்கு நடந்ததா என்று கேட்டால் ஓம் என்று சொல்ல ஒரு கடதாசியும் அவளிடம் இல்லை. துக்கமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்குக் கால் மரத்துப்போனது மட்டும்தான் தெரிந்தது, வாங்கில் கனநேரம் இருந்ததில்.

"பதியுங்கோ சேர்" என்றாள்.



"சரி" என்றார் கதிர்காமநாதன். பேனையைத் திறந்தார். "மூத்த பிள்ளையைப் பற்றி இதிலை ஒண்டும் எழுதத் தேவையில்லை. இந்தப் பிள்ளையின்ரை பிறப்பை மட்டும் பதிவம். மற்றது அப்பிடியே கிடக்கட்டும். ஒருத்தரும் கேக்கப்போறேல்லை."

"அதையும் எழுதுங்கோ" என்றாள் அன்னபாக்கியம்.

"எதை அம்மா?"

"அவள் செத்ததை."

கிளாக்கர் சிற்றம்பலத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் தன் காலைப் பார்த்தார்.

"அம்மா, அது வேறை படிவம். வேறை கரைச்சல். பத்தொன்பது வரிசம் கழிச்சு என்னத்துக்கு? ஒருத்தரும் கேக்கேல்லையே."

"ஓம் தம்பி" என்றாள் அவள். "பத்தொன்பது வரிசமா ஒருத்தரும் கேக்கேல்லை."

 கிளாக்கர் எழும்பி அலுமாரியைத் திறந்து வேறொரு படிவம் எடுத்து வந்தார். இறந்தவரின் முழுப் பெயர். சொன்னாள். பால். சொன்னாள். வயது. மூன்று வருடம், பதினொரு மாதம். இறந்த இடம் என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தாள்.

"ஆத்தங்கரையிலை. வண்டிலுக்குள்ளை."

"திகதி?"

"திருவெம்பாவை துவங்கி மூண்டாம் நாள். விடியப்புறம். காக்காவின்ரை மாடு ஒண்டு சிவப்பு, ஒண்டு மயிலை. மழை விட்டிருந்தது. என்ரை மடியிலை இளையவள் பால் குடிச்சுக்கொண்டிருந்தாள். அவளைப் பிடுங்கி வைச்சுப்போட்டு மூத்தவளைத் தூக்கினனான். இளையவள் கத்திக்கொண்டு கிடந்தாள்."

இதையெல்லாம் படிவத்தில் எழுத இடமில்லை. கதிர்காமநாதன் பழைய பஞ்சாங்கம் எடுத்து இங்கிலிஷ் திகதியைப் பார்த்து எழுதினார். அன்னபாக்கியம் அழவில்லை. நெல் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். ஆதம்பாவாதான் தோளிலிருந்த லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைசியில் கிளாக்கர் சொன்னார், "அந்தப் பாஸ் பத்திரத்தை இனி ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. அது செல்லாது."

திரும்பும் லொறியில் நான்கு பேரும் முன்னுக்கு நெருங்கி இருந்தார்கள். "பசிக்குதோ பிள்ளை?" என்று ஆதம்பாவா கேட்டார். "ஓம்" என்றாள் இரஞ்சிதம். உண்மையாகவே பசித்தது. தண்ணீரூற்றில் நிறுத்தி அவருடைய வீட்டில் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரி மஸீனா அவர்களுக்கென்று புதுச் சட்டியில் முரல்மீன் குழம்பு வைத்திருந்தாள். இரஞ்சிதம் இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றாள்.

பிறப்புப் பத்திரமும் இறப்புப் பத்திரமும் ஒரே தபாலில், ஆவணி கடைசியில் வந்தன. அன்னபாக்கியத்துக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். இரண்டையும் வாசித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து, பஞ்சாங்கத்துக்கு அடியில் கிடந்ததை எடுத்தாள். கரவெட்டிப் பிறப்புப் பத்திரம், எஸ்.எஸ்.சி. பாஸ், இறப்புப் பத்திரம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாலாய் மடித்து, ஒரு சீலைத் துணியில் சுற்றினாள்.

"அம்மா, அந்தப் பாஸ்" என்றாள் இரஞ்சிதம். அதைக் கிழித்துப்போடுவதா, வைத்திருப்பதா என்று அவள் பல நாள் யோசித்திருந்தாள்.

"இது அவளின்ரை" என்றாள் தாய். "உன்ரை இந்தா." புதுப் பிறப்புப் பத்திரத்தை மகளின் கையில் கொடுத்தாள்.

அன்று மாலை இரஞ்சிதம் சோதினை விண்ணப்பத்தை நிரப்பினாள். வாத்தியார் படிவம் கொண்டுவந்து தந்திருந்தார். முற்றத்தில் நின்றபடி, "நான் பின்னேரங்களிலை கணக்குச் சொல்லித்தாறன் பிள்ளை, காசு வேண்டாம்" என்றார். "எனக்குக் கணக்குத் தெரியும் மாஸ்ரர்" என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். படிவத்தில் கற்ற பாடசாலை என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள். முன்னர் இப்பரீட்சைக்குத் தோற்றியதுண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். அந்தச் சொல்லை எழுதும்போது களம் நினைவு வந்தது. பிறகு கையெழுத்து வைக்க வேண்டும். இரஞ்சிதம் என்று இதுவரை அவள் எங்கும் கையெழுத்து வைத்ததில்லை. மாட்டுக்கொட்டில் மண்ணில் ஈர்க்கால் பத்துப் பதினைந்து தரம் எழுதிப் பார்த்துவிட்டு வந்து வைத்தாள்.

பழைய புத்தகங்களையே திரும்பப் படித்தாள். பாலைமரத்தடியில் இருந்துதான். தாய் தேத்தண்ணி கொண்டுவருவாள். இப்போது கொஞ்ச நேரம் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டுப் போவாள்.

ஐப்பசியில் முதல் மழைக்கு முன்னால் மலேரியாக்காரர் வந்தார். புதிய ஆள். மருந்துப் பம்பைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்த கார்ட்டை எடுத்தார். இடமில்லாமல் நிரம்பியிருந்தது. புதுக் கார்ட் ஒன்று எடுத்தார்.

"இப்ப காய்ச்சலெண்டு பேருக்கும் இல்லை அம்மா. இந்தத் தலைமுறை ஆக்களுக்கு அது என்னெண்டே தெரியாது. ஆனா பாத்துக்கொண்டுதான் இருக்கவேணும். வீட்டிலை எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

"பிள்ளையள்?"

"ரண்டு" என்றாள் அன்னபாக்கியம்.

முற்றத்தில் சுளகில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்த இரஞ்சிதத்தின் கை நின்றது. சிற்றம்பலம் வரம்பு கட்டப் போயிருந்தார்.

"ரண்டும் பெட்டையளோ? படிக்குதுகளோ?" அவர் எழுதிக்கொண்டே, கதைக்காக, கேட்டார்.

"மூத்தவள் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினவள். ஆறு பாடமும். இளையவள் இந்த மார்கழிதான் எடுக்கப்போறாள்."

"கெட்டிக்காரியள்" என்றார் அவர். கார்ட்டில் இரண்டு என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து முற்றத்தைப் பார்த்தார். ஒரு பெண்தான் இருந்தாள். "மூத்தவ எங்கை, வேலைக்குப் போட்டாவோ?"

 அன்னபாக்கியம், சுவரில் எந்தப் பக்கம் முதலில் மருந்தடிப்பது என்று காட்டுவதுபோல் உள்ளே போய்விட்டாள். அவர் இரஞ்சிதத்தைப் பார்த்தார்.

"அக்கா இஞ்சை இல்லை" என்றாள் இரஞ்சிதம்.

அக்கா என்ற சொல் அவளுடைய வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தரம். சொல்லிவிட்டு உழுந்தைப் புடைத்தாள்.